வெயிலில் ஏறும் சார்ஜ்: வாசகர் கேள்வி – பதில்

கரண்ட் கம்பி எட்டாத இடத்திலும், புயலில் கரண்ட் போன நாளிலும் சோலார் வைத்து போன், விளக்கு, லேப்டாப் சார்ஜ் செய்வது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: கிடை ஆட்டோடு வயல் வயலாகப் போகிறவர்கள் நாங்கள். 10 வாட் மடக்கு பேனல் வாங்கி, போனை நேராக அதில் சொருகுகிறேன். வெயிலில் நன்றாக ஏறுகிறது. ஒரு மேகம் வந்தால் நின்றுவிடுகிறது. மேகம் விலகிய பிறகும் பழைய வேகம் இல்லை. பேனலில் கோளாறா?
— ஆடு வளர்க்கும் வாசகர், முதுகுளத்தூர்

பதில்: பேனல் நன்றாகத்தான் இருக்கிறது. போனை அதோடு நேராகச் சேர்த்ததில்தான் சிக்கல்.

சார்ஜரில் சொருகியதும் போன் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இழுத்துப் பார்க்கும். வோல்ட் சரியத் தொடங்கினால், இந்தச் சார்ஜருக்கு இவ்வளவுதான் தெம்பு என்று கணக்குப் போட்டு அந்த அளவிலேயே நின்றுகொள்ளும். மேகம் மூடிய நேரத்தில் இந்தக் கணக்கு நடந்தால் வெயில் திரும்பியது போனுக்குத் தெரியாது. வயரைக் கழற்றி மறுபடி சொருகினால்தான் புதிதாகக் கணக்குப் போடும். மேகம் அடர்த்தியாக இருந்தால் இன்னொரு தொல்லை: வோல்ட் இறங்கும், போன் விட்டுவிடும், விட்டதும் வோல்ட் ஏறும், போன் பிடிக்கும், மறுபடி இறங்கும். ஒவ்வொரு தடவையும் திரை எரிந்து அணைவதில் ஏறியதைவிட இறங்கியது அதிகமாகிவிடும்.

நடுவில் ஒரு பவர் பேங்க் வையுங்கள். பகலில் பேனலிலிருந்து பவர் பேங்க், ராத்திரி பவர் பேங்கிலிருந்து போன். மின்சாரம் ஏறி இறங்கினாலும் பவர் பேங்க் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டு, வோல்ட் வந்ததும் தானாகத் தொடங்கிவிடும். எல்லாம் அப்படி இருக்காது என்பதால் வாங்கியதும் ஒரு சோதனை: வெயிலில் சார்ஜ் ஏறும்போது பேனலைத் துண்டால் மூடி, ஒரு நிமிடம் கழித்து எடுங்கள். பவர் பேங்கின் விளக்கு தானாக மினுக்கத் தொடங்கினால் அது உங்களுக்கு ஆகும். பட்டனை அழுத்தினால்தான் தொடங்கும் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அளவு: 10 வாட் மடக்கு பேனல் நடைமுறையில் 6, 7 வாட்தான் தரும். பெட்டியில் போட்டிருக்கும் எண், பேனலின் செல் 25 டிகிரியில் இருக்கும்போது சோதனைக்கூடத்தில் எடுத்தது. நம் ஊர் வெயிலில் செல் 60 டிகிரியைத் தாண்டும்; ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் போய்க்கொண்டே இருக்கும். நல்ல வெயில் 5 மணி நேரம் என்று வைத்தால் நாளுக்கு 30 வாட்-மணி. 5000 எம்ஏஎச் போனின் பேட்டரி 19 வாட்-மணி. நடுவில் போகும் சேதாரத்தைக் கழித்தால் நாளுக்கு ஒரு போன் முழுதாக நிறையும். இரண்டு போன் என்றால் 20 வாட் பேனல் வேண்டும்.

பவர் பேங்கை வெயிலில் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. பேனலின் நிழலிலேயே வைக்கலாம். ஆனால் பேனலின் முதுகில் ஒட்டாமல், ஒரு சாண் இடைவெளி விட்டு. பேனலின் முதுகும் தோசைக்கல் மாதிரிதான் கொதிக்கும். பேனலை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை என்றால் அதன் மேல் ஒரு பேனாவைச் செங்குத்தாக நிறுத்துங்கள். பேனாவின் நிழல் மிகச் சின்னதாகும் வரை பேனலைச் சாய்த்தால் அது சூரியனை நேராகப் பார்க்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இப்படித் திருப்பி வைத்தால் போதும்.

கேள்வி: முதுகிலேயே சோலார் தகடு ஒட்டிய பவர் பேங்க் வாங்கலாமா? வெயிலில் வைத்தால் தானாக நிறையும் என்கிறார்கள்.
— கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: வேண்டாம். உள்ளங்கை அளவுத் தகடு 1 வாட், மிஞ்சினால் ஒன்றரை வாட் தரும். 10000 எம்ஏஎச் என்பது 37 வாட்-மணி. தினமும் 5 மணி நேரம் வெயிலில் கிடந்தாலும் நிறைய ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் பேட்டரி வெயிலில் வெந்துகொண்டிருக்கும். தகடு தனி, பேட்டரி தனி என்று இருப்பதே நல்லது.

கேள்வி: 2018 நவம்பர் கஜா புயலில் எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களிடம் காசு கொடுத்து போன் சார்ஜ் போட்டோம். இரண்டு போன், ஒரு விளக்கு, ஒரு ரேடியோ ஓட வேண்டும். என்னென்ன வாங்குவது, எப்படிச் சேர்ப்பது?
— வாசகர், வேதாரண்யம்

பதில்: முதலில் செலவைக் கணக்கிடுவோம். போன் ஒன்றுக்கு 19 வாட்-மணி. சேதாரம் சேர்த்து 25. இரண்டு போனுக்கு 50. 12 வோல்ட் 3 வாட் எல்இடி விளக்கு 5 மணி நேரத்துக்கு 15. ரேடியோவுக்கு 3 போதும். ஆக, நாளுக்குச் சுமார் 70 வாட்-மணி. புயலுக்குப் பின் இரண்டு நாள் வானம் திறக்காது என்று வைத்தால் பேட்டரியில் 140 இருப்பு வேண்டும்.

பேட்டரியில் இரண்டு வழி. யூபிஎஸ்ஸில் வரும் மூடிய லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். அதனால் 12 வோல்ட் 26 ஆம்பியர்-மணி வாங்க வேண்டியிருக்கும். அது கனம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 12.8 வோல்ட் 12 ஆம்பியர்-மணி போதும். பாதுகாப்பு சர்க்யூட் உள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் வருஷத்தில் பதினோரு மாதம் சும்மா இருக்கப்போகும் பேட்டரிக்கு இதுதான் ஏற்றது. லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் இல்லாமல் கிடந்தால் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து செத்துப்போகும். அதைத்தான் வாங்குவீர்கள் என்றால் தினமும் அந்த விளக்கையே எரித்துப் புழக்கத்தில் வைத்திருங்கள்.

பேனல் 50 வாட், '12 வோல்ட்' வகை. அதன் பின்னால் இருக்கும் ஸ்டிக்கரில் வேலை வோல்ட் 18, திறந்த வோல்ட் (எதுவும் சேர்க்காதபோது இருப்பது) 22 என்ற அளவில் இருக்கும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜை அளவோடு விடும் பெட்டிதான் கன்ட்ரோலர். பேனலைப் பேட்டரியோடு நேராகச் சேர்த்து, விட்டுவிட்டுச் சார்ஜ் தரும் பிடபிள்யூஎம் வகையில் 10 ஆம்பியர் போதும். பேனலை அதன் வேலை வோல்ட்டிலேயே ஓடவிட்டு, பேட்டரிக்கு ஏற்ப மாற்றித் தரும் எம்பிபிடி வகை இவ்வளவு சின்ன அமைப்புக்கு வீண் செலவு. கன்ட்ரோலரில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்க வசதி இருக்க வேண்டும். வயர் 1.5 சதுர மில்லிமீட்டர், இரட்டை உறை போட்டது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் 7.5 ஆம்பியர் பிளேட் ஃப்யூஸ். பைக், கார் எலக்ட்ரிக்கல் கடையில் ஹோல்டரோடு கிடைக்கும். இந்த ஃப்யூஸைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பேட்டரி வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் அதைத் தடுக்க வேறு எதுவும் இல்லை.

சேர்க்கும் வரிசை முக்கியம். முதலில் பேட்டரி, அடுத்து பேனல், கடைசியில் விளக்கும் சார்ஜரும். கழற்றும்போது நேர் தலைகீழ். 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதைப் பல கன்ட்ரோலர்கள் பேட்டரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கின்றன. பேட்டரி இல்லாமல் பேனலை முதலில் சேர்த்தால் 22 வோல்ட் உள்ளே வந்து, கன்ட்ரோலர் குழம்பும். மலிவுச் சரக்கு எரிந்தும் போகும். வயர் நுனியில் இழைகளைச் சும்மா முறுக்கி ஸ்க்ரூவில் திணிக்காதீர்கள். இரண்டு இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து ஸ்க்ரூவைத் தொடும். ஊசி மாதிரி இருக்கும் ஃபெரூல் முனையை நெரித்துவிட்டுச் சொருகுங்கள்.

போனுக்கு கன்ட்ரோலரில் இருக்கும் யூஎஸ்பி துளையை நம்ப வேண்டாம். இரண்டு துளைக்கும் சேர்த்தே 2 ஆம்பியர் தாண்டாத மாடல்கள்தான் அதிகம். கன்ட்ரோலரில் விளக்கு சேர்க்கும் லோடு முனையில், காரில் வரும் சிகரெட் லைட்டர் சாக்கெட் ஒன்றைப் பொருத்தி, அதில் நல்ல கார் சார்ஜரைச் சொருகுங்கள். ரேடியோவை அதற்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மலிவு கார் சார்ஜர் கரகரப்பைக் கிளப்பும். புயல் செய்தி கேட்க வேண்டிய நேரத்தில் சார்ஜரை எடுத்துவிட்டுக் கேளுங்கள்.

பேனலை நிரந்தரமாகக் கூரையில் அடித்து வைக்க வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்ததும் கழற்றி, போர்வை சுற்றி வீட்டுக்குள் நிறுத்தி வையுங்கள்; காற்று ஓய்ந்த மறுநாள்தான் அதற்கு வேலை. உங்கள் ஊரில் நவம்பர், டிசம்பரில் நண்பகல் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும். தெற்கு பார்த்து 25, 30 டிகிரி சாய்வு கொடுங்கள். மே முதல் ஜூலை வரை சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும். அப்போது தெற்கே சாய்த்தால் நஷ்டம், படுக்கை வசமே சரி. தென்னங்கீற்றின் நிழலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பேனலில் 36 செல்லும் வரிசையாகக் கோத்திருக்கும். ஒரே ஒரு செல்லின் மேல் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுதும் திணறும். ஒரு கீற்று பாதி மின்சாரத்தைத் தின்றுவிடும்.

மேகம் மூடிய நாளில் 50 வாட் பேனல் 5 முதல் 10 வாட் வரை தந்தாலே அதிகம். அன்றைக்கு விளக்கு மட்டும், ஒரு போன் மட்டும் என்று இருந்துகொள்ளுங்கள்.

கேள்வி: மிளகுத் தோட்டத்துக் குடிசையைச் சுற்றி மரம். வெயில் விழும் இடம் 20 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே பேனல் வைத்து, அதிலேயே 5 வோல்ட் மாட்யூலும் (பேனலின் வோல்ட்டை போனுக்கு ஏற்ப இறக்கும் சின்ன போர்டு) மாட்டி, குடிசைக்கு வயர் இழுத்தேன். பேனல் பக்கத்தில் நின்று சொருகினால் ஏறும் போன், குடிசையில் ஏறவே மாட்டேன் என்கிறது.
— விவசாயி, கொல்லிமலை

பதில்: மாட்யூலைக் கழற்றிக் குடிசைக்குள் கொண்டுவாருங்கள், வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

வயர் 0.5 சதுர மில்லிமீட்டர் என்று வைப்போம். போக 20, வர 20, ஆக 40 மீட்டர் செம்பு. அதன் தடை சுமார் 1.4 ஓம். அதில் 1 ஆம்பியர் ஓடினால் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். 5 வோல்ட்டில் கிளம்பியது 3.6 ஆக வந்து சேர்ந்தால் போன் திரும்பிக்கூடப் பார்க்காது. அதே வயரில் பேனலின் 18 வோல்ட்டை அப்படியே அனுப்பினால், அதே அளவு வாட்டுக்கு ஓடும் ஆம்பியர் மூன்றில் ஒரு பங்குதான். அரை வோல்ட் அளவுக்குத்தான் இழப்பு. 18-ல் அது ஒரு பொருட்டே இல்லை.

மாட்யூல் 24 வோல்ட் வரையாவது தாங்கும் வகையா என்று மட்டும் பாருங்கள். சுமை இல்லாதபோது பேனல் 22 வரை போகும். மாட்யூலிலிருந்து போனுக்குப் போகும் யூஎஸ்பி வயரும் இதே விதிக்குள்தான். மலிவு வயரில் மின்சாரக் கம்பி தலைமுடி மாதிரி இருக்கும்; 1 மீட்டர் வயரிலேயே 2 ஆம்பியருக்கு 0.8 வோல்ட் வரை விழும். தடிமனான, அரை மீட்டர் வயராக வாங்குங்கள்.

கேள்வி: சின்ன பட்டன் போனையும் காதில் மாட்டும் இயர்பட்ஸையும் பவர் பேங்கில் போட்டால் கொஞ்ச நேரத்தில் பவர் பேங்க் அணைந்துவிடுகிறது. பழுதா?
— வாசகர், ஈரோடு

பதில்: பழுது இல்லை. இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால், எதுவும் சொருகவில்லை என்று நினைத்து அது அணைந்துகொள்ளும். சில மாடல்களில் பட்டனை இருமுறை தட்டினால் குறைமின் சார்ஜ் முறை வரும். அது இல்லாவிட்டால் இன்னொரு துளையில் பெரிய போனைச் சேர்த்துப் போடுங்கள்.

கேள்வி: வேலை லேப்டாப்பில்தான். 65 வாட் டைப்-சி சார்ஜர். 100 வாட் பேனலும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியும் சின்ன இன்வெர்ட்டரும் வைத்திருக்கிறேன். அரை மணித்தியாலத்துக்குள் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்குகிறது. பேனலைப் பெரிதாக்கவா?
— வாசகர், மன்னார்

பதில்: பேனல் போதும். பேட்டரியை மாற்றுங்கள், இன்வெர்ட்டரை ஓய்வெடுக்க விடுங்கள்.

7 ஆம்பியர்-மணி என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. நீங்கள் 6 ஆம்பியர் வீதம் உருவும்போது முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. 12.8 வோல்ட் 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 256 வாட்-மணி. அதில் ஐந்தில் நாலு பங்கு எடுத்தாலும், 50 வாட்-மணி பேட்டரி உள்ள லேப்டாப்பை மூன்று தடவை நிரப்பலாம்.

இன்வெர்ட்டர் 12 வோல்ட்டை 230 ஆக்குகிறது. உங்கள் சார்ஜர் அதை மறுபடி 20-க்கு இறக்குகிறது. இரண்டு முறை வரி கட்டுகிறீர்கள். அதோடு, எதுவும் சொருகாவிட்டாலும் சின்ன இன்வெர்ட்டரே 5 முதல் 10 வாட் தின்னும். அணைக்காமல் 10 மணித்தியாலம் விட்டால் ஒரு லேப்டாப் சார்ஜ் காணாமல் போயிருக்கும். பிடி (பவர் டெலிவரி) வசதியுள்ள 65 வாட் கார் சார்ஜர் வாங்கி 12 வோல்ட்டிலிருந்து நேராகப் போடுங்கள். வயர் 5 ஆம்பியர் டைப்-சி வயராக இருக்கட்டும். சாதாரண 3 ஆம்பியர் வயரில் 60 வாட்டோடு நின்றுவிடும், கெடுதல் ஒன்றுமில்லை. லைட்டர் சாக்கெட்டின் நடுமுள் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் 6 ஆம்பியரில் சூடாகி பிளாஸ்டிக் உருகும். முதல் நாள் பத்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள்.

100 வாட்டுக்கு எம்பிபிடி கன்ட்ரோலர் வைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் மேலே 'எம்பிபிடி' என்று அச்சடித்துவிட்டு உள்ளே பிடபிள்யூஎம் வைத்த சரக்கு சந்தையில் ஏராளம். பேட்டரி பாதிக்கு இறங்கியிருக்கும்போது நல்ல வெயிலில் பேனல் முனையில் வோல்ட் அளந்து பாருங்கள். 17, 18 என்று காட்டினால் அசல். பேட்டரியின் வோல்ட்டையே ஒட்டி 13 சொச்சம் காட்டினால் ஏமாந்தீர்கள்.

கேள்வி: பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த மூன்று லித்தியம் செல்லை வரிசையாகச் சேர்த்து, சோலார் கன்ட்ரோலரில் 12 வோல்ட் பேட்டரியாகப் போடலாம் என்று ஒரு வீடியோவில் காட்டினார்கள். செய்யலாமா?
— ஐடிஐ மாணவர், விருதுநகர்

பதில்: கூடாது. அந்த வகைச் செல்லின் உச்ச வரம்பு 4.2 வோல்ட், மூன்றுக்கும் சேர்த்து 12.6. லெட்-ஆசிட் பேட்டரிக்கான கன்ட்ரோலர் 14.4 வோல்ட் வரை தள்ளும். செல்லுக்கு 4.8 ஆகிவிடும். தீப்பிடிக்கத் தேவையானது அவ்வளவுதான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் வேறு சாதி: ஒன்றுக்கு 3.65 வோல்ட் வரம்பு, நாலு சேர்த்தால் 14.6. அது லெட்-ஆசிட் அளவை ஒட்டி வருவதால்தான் 12 வோல்ட் வேலைக்குப் பொருந்துகிறது. அதற்கும் செல்களைச் சமன்படுத்தும் பாதுகாப்பு போர்டு கட்டாயம் வேண்டும்.

கேள்வி: பைபர் படகில் 20 வாட் பேனல் வைத்து போனும் கை வயர்லெஸும் சார்ஜ் போடுகிறோம். இரண்டு மாதத்தில் பிளக் எல்லாம் பச்சை பூத்துவிடுகிறது. சார்ஜ் போடும்போது வயர்லெஸ்ஸில் இரைச்சல் வேறு.
— மீனவர், நாகப்பட்டினம்

பதில்: பச்சை பூப்பதற்கு உப்பு மட்டும் காரணம் இல்லை. ஈரத்தோடு மின்சாரமும் இருந்தால்தான் அவ்வளவு வேகமாக அரிக்கும். எனவே வேலை இல்லாதபோது சாக்கெட்டில் மின்சாரம் நிற்காமல் இருக்க ஒரு சுவிட்ச் போடுங்கள். முனைகளை முறுக்கி டேப் சுற்றுவதை விட்டுவிட்டு லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) நெரித்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய் போட்டுச் சூடு காட்டுங்கள். ஸ்க்ரூவை இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசலாம். இறுக்குவதற்கு முன் பூசக் கூடாது. கன்ட்ரோலரும் சார்ஜரும் மூடி உள்ள டப்பாவுக்குள் இருக்கட்டும். ஈரக் கையோடு, ஈரப் போனில் டைப்-சி சொருகவே வேண்டாம். கரைக்கு வந்ததும் பேனலை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், காய்ந்த உப்பு வெயிலை மறைக்கும்.

இரைச்சல் 5 வோல்ட் மாட்யூலிலிருந்து வருகிறது. அதை ஆன்டெனாவிலிருந்து எட்டத்தில் நகர்த்தி, இருபுற வயரிலும் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். அப்படியும் கேட்டால் சேனல் 16 (கடலில் ஆபத்து அழைப்புக்கான சேனல்) கேட்கும் நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள். பேனல் வயர் திசைகாட்டிக்கு அருகில் போனால் முள் விலகும். பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி, ஒரு மீட்டராவது தள்ளிக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பழைய பேனல் விலைக்கு வருகிறது. நல்லதா என்று கடையிலேயே பார்ப்பது எப்படி?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: மல்டிமீட்டரோடு நண்பகல் வெயிலில் போங்கள். பேனலின் பின் ஸ்டிக்கரில் திறந்த வோல்ட், ஷார்ட் ஆம்பியர் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலில் வோல்ட்: 22 போட்டிருந்தால் சூட்டில் 19, 20 காட்டும், பரவாயில்லை. அதைவிட மிகக் குறைவாக நின்றால் உள்ளே செல் வரிசை ஒன்று செத்திருக்கிறது. அடுத்து, சிவப்பு முனையை மீட்டரின் 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேனலின் இரு முனையிலும் சில விநாடி வையுங்கள். பேனலை இப்படி ஷார்ட் செய்வதால் ஒன்றும் ஆகாது. 40 வாட் பேனல் சுமார் 2.4 ஆம்பியர் காட்ட வேண்டும். 2 இருந்தால் வாங்கலாம், 1.5-க்குக் கீழே என்றால் விலையைக் குறைத்தாலும் வேண்டாம். கண்ணாடிக்கு அடியில் பழுப்புக் கோடு, நத்தை ஊர்ந்த மாதிரித் தடம், பின் பெட்டியில் கருகல் ஆகியவற்றையும் பாருங்கள்.

அளந்து முடித்ததும் சிவப்பு முனையை உடனே வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். அப்படியே மறந்து வீட்டில் பேட்டரியின் வோல்ட் பார்க்கப் போனால், பேட்டரி மீட்டர் வழியாக ஷார்ட் ஆகும். ஃப்யூஸ் இல்லாத மலிவு மீட்டர் என்றால் கையிலேயே வயர் உருகும்.